கடல்பாசியும் ஈயமும்: ஒரு கேப்ஸ்யூல் டப்பாவைத் துரத்திய கதை

போன வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மாமா வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு பச்சை டப்பா இருந்தது. "கடல்பாசி. உடம்புல சேர்ந்த உலோக விஷத்தை எல்லாம் இழுத்து வெளிய தள்ளிடுமாம் மாப்ள" என்றார் மாமா. காலை ரெண்டு, ராத்திரி ரெண்டு. மூணு மாசமாகச் சாப்பிடுகிறாராம்.

மாமாவுக்கு வண்டி பேட்டரி ரிப்பேர் கடை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைக்குப் பின்னாலேயே வீடு. பின்கட்டில் அடுப்பு வைத்துப் பழைய பிளேட்டை உருக்கி டெர்மினல் வார்ப்பார். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போது, உருகிய ஈயம் பாதரசம் மாதிரி மின்னுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தப் புகையின் வாசம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. இப்போது அதே இடத்தில் அவருடைய நாலு வயதுப் பேத்தி விளையாடுகிறாள்.

கை நடுக்கம், வயிற்றுவலி, தூக்கமின்மை என்று அலைந்து, கடைசியில் ஒரு டாக்டர் இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஒரு டெசிலிட்டருக்கு 41 மைக்ரோகிராம். 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் வருஷ வழிகாட்டி. டாக்டரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்: முதலில் உருக்குவதை நிறுத்துங்க, ரெண்டு மாசம் கழித்து மறுபடி பார்ப்போம். மாமா உருக்குவதை நிறுத்தவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவை நம்பி டப்பா வாங்கிவிட்டார். கேப்ஸ்யூல் சாப்பிட்டால் கடையை மூட வேண்டியதில்லை பாருங்கள்.

நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். ஆனால் ஒரு பக் வந்தால் அது எந்த வரியில் முதலில் நுழைந்தது என்று பின்னோக்கித் தேடிப் போகும் பழக்கம் உண்டு. "கடல்பாசி உலோகத்தை இழுக்கும்" என்ற இந்த வாக்கியம் எங்கே பிறந்தது என்று தேட ஆரம்பித்தேன். முழுப் புளுகாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அப்படி இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கடல்பாசியின் மருத்துவக் கதை வெடிமருந்தில் தொடங்குகிறது. நெப்போலியன் போர்க்காலத்தில் பெர்னார்ட் கூர்த்வா என்பவர் பாரிஸில் வெடியுப்பு தயாரித்து வந்தார். அதற்குத் தேவையான உப்புகளைக் கடற்பாசியை எரித்த சாம்பலில் இருந்து எடுப்பார். 1811-இல் அந்தச் சாம்பல் கரைசலில் கந்தக அமிலம் கொஞ்சம் கூடுதலாக விழுந்ததும் ஊதா நிறத்தில் ஆவி கிளம்பியது. அதுதான் அயோடின். கண்டுபிடித்தவருக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை, 1838-இல் ஏழையாகவே செத்தார். ஒன்பது வருஷம் கழித்து, 1820-இல், ஜெனீவாவில் குவாந்தே என்ற மருத்துவர் அயோடினைக் கழுத்துக் கழலைக்குக் கொடுத்துப் பார்த்தார். கழலை சுருங்கியது. கூடவே சில பேருக்குப் படபடப்பும் உடல் மெலிவும் வந்தன. அளவு கூடினால் மருந்தே நோய் என்பது அந்த முதல் வருஷத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் டப்பாவின் மேல் அது எழுதப்படுவதில்லை.

நம் கதைக்கு முக்கியமானவர் ஸ்டான்ஃபோர்ட். ஸ்காட்லாந்தில் வேலை பார்த்த ஆங்கிலேய வேதியியலாளர். மலை மலையாகப் பாசியை எரித்துக் கொஞ்சூண்டு அயோடின் எடுப்பது அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்திருக்க வேண்டும். எரிக்காமல் சோடா உப்பில் ஊறவைத்தார், வழவழவென்று ஒரு கூழ் வந்தது. 1881-இல் காப்புரிமை வாங்கினார். அந்தக் கூழைத்தான் இன்று ஆல்ஜினேட் என்கிறோம். ஐஸ்கிரீமில் இருக்கிறது, பல் டாக்டர் அச்சு எடுக்கும் பசையில் இருக்கிறது, நெஞ்செரிச்சல் மருந்தில் இருக்கிறது. ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் எடுக்கிற கட்டக்கோரைப் பாசி கடைசியில் ஆவதும் இந்த ஆல்ஜினேட்தான். நோன்பு திறக்கும்போது வைக்கும் கடல்பாசி இனிப்பு வேறு. அது அகர், மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி போன்ற சிவப்புப் பாசிகளில் இருந்து வருவது. தமிழில் எல்லாமே "கடல்பாசி" என்பதால் வீடியோக்காரர்களுக்கு ரொம்ப வசதி.

ஆல்ஜினேட் ஒரு நீளமான சங்கிலி. அதன் நெடுகிலும் எதிர்மின்சுமை கொண்ட இடங்கள் உண்டு. கால்சியம் மாதிரி இரட்டை நேர்மின்சுமை உள்ள அயனி வந்தால், இரண்டு சங்கிலிகள் சேர்ந்து அதை நடுவில் பிடித்துக்கொள்ளும். முட்டை அட்டைக்குள் முட்டை உட்கார்ந்திருப்பது போல. 1973-இல் இந்த அமைப்பை விளக்கியவர்கள் வைத்த பெயரே முட்டைப்பெட்டி மாதிரி என்பதுதான். அதற்கு முன்பே, அறுபதுகளின் தொடக்கத்தில், நார்வேயின் ட்ரொன்ட்ஹெய்ம் நகரில் ஆர்னே ஹௌக் என்பவர் எந்த உலோகத்தை ஆல்ஜினேட் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று வரிசைப்படுத்தினார். வரிசையில் முதலில் நிற்பது ஈயம். அப்புறம் செம்பு, காட்மியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம்.

படித்ததும் நான் கொஞ்சம் ஆடிப்போனேன். ஈயம்தான் முதலிடம்! மாமா சொன்னது சரியோ?

அடுத்த கண்ணி அணுகுண்டு. ஐம்பதுகளில் அமெரிக்காவும் சோவியத்தும் திறந்தவெளியில் குண்டு வெடித்துச் சோதித்துக்கொண்டிருந்தன. அதில் வந்த ஸ்ட்ரான்ஷியம்-90 மழையோடு புல்லில் இறங்கி, புல்லில் இருந்து பசும்பாலுக்கு வந்து, குழந்தைகளின் எலும்பில் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் விழுந்த பால்பற்களைச் சேகரித்து இதை அளந்தார்கள். அப்போதுதான் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ஸ்கோரினாவும் அவர் குழுவும் ஒரு யோசனை செய்தார்கள்: ஆல்ஜினேட் கால்சியத்தைவிட ஸ்ட்ரான்ஷியத்தை இறுக்கமாகப் பிடிக்கிறதே, குடலிலேயே பிடித்து நிறுத்தினால் என்ன? எலிகளில் வேலை செய்தது. 1964-இல் வெளியிட்டார்கள். அடுத்த வருஷமே மனிதர்களிடமும் சோதனை நடந்தது, உடம்பில் சேரும் அளவு வெகுவாகக் குறைந்தது.

(ஒரு சின்னக் கிளைக்கதை. இதே ஸ்கோரினாதான் 1964 கடைசியில் ஈஸ்டர் தீவுக்கு மருத்துவக் குழு ஒன்றைக் கப்பலில் கூட்டிப்போனார். அங்கே அள்ளி வந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியில் இருந்துதான் ராபமைசின் கிடைத்தது. சிறுநீரகம் மாற்றியவர்கள் இன்று சாப்பிடும் மருந்து. தீவின் பெயர் ராபா நுயி, அதனால் அந்தப் பெயர். இந்த மனிதரைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போட வேண்டும்.)

ஆக, "கடல்பாசி உலோகத்தை வெளியே தள்ளும்" என்ற வாக்கியத்தின் தாய் வேர் இதுதான் என்பது என் முடிவு. ஆய்வு உண்மை. ஆனால் எதைச் செய்தார்கள் என்று நிதானமாகப் பாருங்கள். பாசியைக் கொடுக்கவில்லை, பாசியில் இருந்து பிரித்த ஆல்ஜினேட்டைக் கொடுத்தார்கள். மில்லிகிராம் இல்லை, கிராம் கணக்கில். ஸ்ட்ரான்ஷியம் வயிற்றுக்குள் போகும் அதே நேரத்தில், அல்லது கொஞ்சம் முன்னால். ஏனென்றால் ஆல்ஜினேட் ஜீரணமாகி இரத்தத்தில் கலப்பதில்லை. குடல் வழியாக வந்து குடல் வழியாகவே போய்விடும். வாசலில் நிற்கும் காவல்காரன் அது. திருடன் உள்ளே போய் அலமாரிக்குள் உட்கார்ந்த பிறகு வாசல் காவல்காரனால் என்ன செய்ய முடியும்?

மாமாவின் ஈயம் வாசல் வழியாக மட்டும் வருவதும் இல்லை. உருக்கும்போது புகையும் தூசியுமாக நுரையீரலில் நுழைகிறது. குடலைச் சந்திக்காமலே இரத்தத்துக்குப் போகிறது. இரத்தத்தில் இருக்கும் ஈயத்தில் பாதி குறைய ஒரு மாசம் போலத்தான் ஆகும். எலும்புக்குப் போனால் பத்து, இருபது வருஷம் தங்கும். அங்கிருந்து மெல்ல மெல்ல இரத்தத்துக்குக் கசிந்துகொண்டே இருக்கும். இரத்தத்தில் இருந்தே உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் தள்ளும் மருந்துகள் நிஜமாகவே உண்டு. இரண்டாம் உலகப் போரில் லூயிசைட் என்ற ஆர்சனிக் விஷ வாயுவுக்கு மாற்று தேடிய ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் பிறந்த குடும்பம் அது. அதையும் டாக்டர் மேற்பார்வையில்தான் கொடுப்பார்கள், ஈயம் உள்ளே வருவதை நிறுத்திய பிறகு.

மினமாட்டாவைப் பற்றிச் சொல்லாமல் தண்ணீரில் கலந்த உலோகத்தைப் பற்றிப் பேச முடியாது. ஜப்பானின் தெற்கே, குமமோட்டோ மாகாணத்தில் ஒரு மீன்பிடி ஊர். அங்கே சிஸ்ஸோ கம்பெனி 1932-இல் இருந்து பாதரசத்தை வினையூக்கியாக வைத்து அசிட்டால்டிஹைடு தயாரித்தது. கழிவு விரிகுடாவில் போனது. முதலில் பூனைகள் வெறிபிடித்த மாதிரி சுழன்று ஆடின, கடலில் விழுந்து செத்தன. 1956 மே 1-ஆம் தேதி, காரணம் தெரியாத நரம்பு நோய் என்று கம்பெனி ஆஸ்பத்திரியின் டாக்டர் ஹொசோகாவா சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தார். 1958-இல் கம்பெனி கழிவு வாயை ஆற்று முகத்துக்கு மாற்றியது. அந்தப் பக்கத்து ஊர்களிலும் நோய் வந்தது. இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் வடிவமைக்க முடியாது. 1959-இல் ஹொசோகாவா கழிவை நேரடியாகச் சோற்றில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். 400-ஆம் எண் பூனை. அதுவும் ஆடியது. அந்த முடிவைக் கம்பெனி வெளியே விடவில்லை.

அதே வருஷம் டிசம்பரில் சைக்ளேட்டர் என்ற சுத்திகரிப்புக் கருவியைக் கோலாகலமாகத் திறந்தார்கள். கரிம பாதரசத்தை அது நீக்காது. ஆனால் கருவி வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று ஊரே நம்பியது. அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். நடுவில் ஒன்பது வருஷம் பாதரசம் ஓடிக்கொண்டே இருந்தது. மாமாவின் பச்சை டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த சைக்ளேட்டர் ஞாபகம் வருகிறது.

ஜப்பான் உலகத்திலேயே அதிகமாகக் கடற்பாசி சாப்பிடும் நாடுகளில் ஒன்று. பாசிக்கு உலோக விஷத்தை முறிக்கும் சக்தி இருந்திருந்தால் அந்தக் கடலோர மக்களைக் காப்பாற்றியிருக்க வேண்டாமா? மீனில் இருக்கும் மெத்தில் பாதரசம் கிட்டத்தட்ட 95 சதவீதம் குடலில் உறிஞ்சப்பட்டுவிடும். அது தேடிப் போய் ஒட்டிக்கொள்வது புரதத்தில் இருக்கும் கந்தகத்தோடு, ஆல்ஜினேட்டின் முட்டைப்பெட்டிக்குள் அது உட்காராது. "உலோகம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பாதரசம், ஈயம், காட்மியம், ஆர்சனிக் ஒவ்வொன்றும் தனித்தனி ஆசாமி.

மினமாட்டாவில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது தொப்புள்கொடி. ஜப்பானில் குழந்தையின் தொப்புள்கொடியைக் காய வைத்துச் சின்னப் பெட்டியில் பத்திரப்படுத்தும் வழக்கம் உண்டு. நச்சுக்கொடி தடுத்துவிடும், தாய் வயிற்றுப் பிள்ளைக்கு விஷம் போகாது என்றுதான் அந்தக் கால மருத்துவம் நம்பியது. பிறவியிலேயே கை கால் விளங்காத பிள்ளைகள் மினமாட்டாவில் பிறந்தபோதும், இது வேறு ஏதோ நோய் என்றார்கள். ஹராடா மசசுமி என்ற இளம் மருத்துவர் அந்த அம்மாக்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். பின்னாளில் வீடு வீடாகத் தொப்புள்கொடிகளைக் கேட்டு வாங்கி அளந்து பார்த்தபோது, அந்தந்த வருஷ ஆலை உற்பத்தி ஏறி இறங்கிய மாதிரியே பாதரசமும் ஏறி இறங்கியிருந்தது. அம்மாக்கள் நினைவாக எடுத்து வைத்தது லாக் ஃபைலாக இருந்திருக்கிறது.

கடற்பாசியும் அப்படி ஒரு லாக் ஃபைல்தான். இங்கேதான் கதை தலைகீழாகிறது. உலோகத்தைப் பிடிக்கும் குணம் பாசி நம் வயிற்றுக்குள் வந்த பிறகு தொடங்குவதில்லை, கடலில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. தண்ணீரில் இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு உலோகத்தைப் பழுப்புப் பாசி தன்னுள் சேர்த்து வைக்கும். 1974-இல் நார்வேயின் ஃபியோர்டுகளில் எவ்வளவு உலோகக் கழிவு கலந்திருக்கிறது என்று பாசியை வெட்டி அளந்து சொன்னார்கள். கடற்கரையில் துத்தநாக ஆலைகள் இருக்கும் நாடு அது. அளந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே ஆர்னே ஹௌக். ஈயம் முதலிடம் என்று வரிசை போட்டவர், பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அதே குணத்தை வைத்துக் கடலின் அழுக்கை அளந்திருக்கிறார். அந்த வகைப் பாசியில் வருஷத்துக்கு ஒரு காற்றுக்குமிழ் வளரும். எந்தத் துண்டு எந்த வருஷத்தது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

அப்படியானால் டப்பாவுக்குள் இருக்கும் பாசி எந்தக் கடலில் வளர்ந்தது? லேபிளில் தேடினேன். "தூய கடல்" என்று போட்டிருக்கிறது.

ஹிஜிகி என்று ஒரு கறுப்புப் பாசி, ஜப்பானில் பல காலமாகச் சாப்பிடுகிறார்கள். நம் கட்டக்கோரைக்கு நெருங்கிய சொந்தம். அதில் கனிம ஆர்சனிக் அதிகம் என்று கண்டு, 2001-இல் கனடாவும் 2004-இல் பிரிட்டனும் அதைச் சாப்பிட வேண்டாம் என்று மக்களுக்குச் சொன்னன. மற்ற பாசிகளில் இருக்கும் ஆர்சனிக் பெரும்பாலும் சர்க்கரையோடு சேர்ந்த, அவ்வளவு கெடுதல் இல்லாத வடிவம். அதனால் பாசி என்றாலே பயப்பட வேண்டியதில்லை. நார்ச்சத்து, அயோடின், தாது உப்புகள் எல்லாம் உண்டு, நல்ல உணவுதான். ஆனால் அயோடினுக்கும் ஓர் அளவு இருக்கிறது. ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கொம்பு வகைப் பாசி ஒரே கிராமில் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். ஹொக்கைடோ கடலோரத்தில் பாசியை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கே கழுத்துக் கழலை வந்ததை அறுபதுகளில் எழுதியிருக்கிறார்கள். எந்த நோய்க்கு மருந்தாக அயோடின் வந்ததோ, அதே நோய்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் சரி மாப்ள. உருக்காம டெர்மினல் வெளிய வாங்குனா ஒரு பேட்டரிக்கு எனக்கு என்ன நிக்கும்னு உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது. ட்ரொன்ட்ஹெய்ம், மாண்ட்ரியல் எல்லாம் தேடிப் படித்தேன், இந்தக் கணக்கை மட்டும் நான் கேட்கவே இல்லை. அவர் சொன்ன தொகை எனக்குப் பெரிதில்லை, அவருக்குப் பெரிது.

ஜனவரியில் மறுபடி இரத்தம் பார்த்தார்கள். 47. டப்பா அஞ்சு மாசம் ஓடியிருந்தது, அடுப்பும் ஓடியிருந்தது.

அந்த நம்பரைப் பார்த்த பிறகும் மாமா ஒன்றும் பேசவில்லை. அத்தைதான் கேட்டார்கள்: "ஏப்பா, புள்ளைக்கும் பாக்கணுமோ?" நான் போனில் நயமாகச் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டிருந்த கேள்வி அது. குழந்தையின் குடல் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சும். தரையில் தவழ்ந்து விளையாடி, கையை வாயில் வைக்கும் வயசு வேறு. பார்க்கணும் அத்தை என்றேன்.

பேத்திக்கு 19 வந்தது. மறுநாளே அத்தை ஆள் வைத்து அடுப்பைப் பின்கட்டில் இருந்து எடுத்துவிட்டார்கள். டெர்மினல் இப்போது வெளியில்தான் வாங்குகிறார் மாமா. கடையிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறார். தரையை ஈரத் துணியால் துடைக்கிறார்கள், துடைப்பம் போட்டால் தூசி கிளம்பும் என்று. பேத்திக்கு இரும்புச்சத்தும் குறைவாக இருந்தது. இரும்புச்சத்து குறைந்தால் ஈயம் கூடுதலாக உள்ளே போகும் என்று அதற்கு மருந்து கொடுத்திருக்கிறார் டாக்டர். மே மாசம் ரெண்டு பேருக்கும் மறுபடி டெஸ்ட்.

டப்பாவில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறதாம். காசு போட்டு வாங்கியது, தூக்கிப் போட மனசு வரவில்லை என்கிறார் அத்தை. ரோஜாச் செடிக்கு உரமாகப் போடலாமா என்று கேட்டார்கள். போடலாம் என்றேன்.